அம்மைக் கிருமியின் காது

வேதமுத்து பல ஆண்டுகள் கிராமங்களில் கால்நடை மருத்துவராக இருந்தவர். ஒரு கோடையில், ஆடு மேய்க்கும் ஆராயியின் கிடையில் அம்மை புகுந்தது. குட்டி ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதன் பிறகுதான் அவர், தன்னைவிட வயதில் இளையவரான பேராசிரியர் ஜெசிந்தாவிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார்.

ஒருநாள் வேதமுத்து ஆய்வகத்தில் ஜெசிந்தாவை அழைத்துக் கணினியைக் காட்டினார்.

"மேடம், இது ஆட்டம்மை வைரஸோட ஜீன். பக்கத்துல இருக்கறது ஆட்டோட ஜீன். ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுபோல இருக்கு."

"ஆட்டுல அதுக்கு என்ன வேலை?"

"கிருமி நுழைஞ்சா செல்லுக்குச் செல் ஆபத்துன்னு சேதி போகும். அதைக் கேக்குற காது இது. வைரஸும் அதே மாதிரி காதைச் செஞ்சு வெளியில விடுது. சேதியெல்லாம் அதுல மாட்டிக்குது. ஆட்டு உடம்பு முழிச்சுக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடுது. ஆட்டுக்கிட்ட எடுத்ததை வச்சே ஆட்டைக் கொல்லுது. இதை என்ன செய்யறது?"

"அந்தக் காதை அறுத்துடுங்க."

அறுக்கச் சில ஆண்டுகள் ஆயின. ஜீனை இழந்த வைரஸ் நலிந்தது. ஆட்டின் உடம்பு அதைச் சட்டென்று கண்டுகொண்டது; மறக்கவும் இல்லை. அதுவே தடுப்பூசி ஆயிற்று. அனுமதி கிடைத்ததும் வேதமுத்து முதலில் ஆராயியின் கிடைக்குத்தான் போனார். அன்று ஒரு குட்டியையும் காப்பாற்ற முடியாததால், அங்கே போய் நிற்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆராயி ஒவ்வொரு ஆடாகப் பிடித்துக் கொடுத்தார்.

அடுத்த கோடையில் சுற்றுவட்டாரமெங்கும் அம்மை வந்தது. ஆராயியின் கிடைக்குள் வரவில்லை.

செய்தி கேட்டு இருவரும் போனார்கள். குட்டிகள் முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தன. ஆராயி வேதமுத்துவின் கைகளைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"நல்லா இருக்கணும்யா நீங்க."

வேதமுத்து ஜெசிந்தாவிடம் திரும்பினார்.

"இந்த நன்றியை நான் யாருக்குச் சொல்றது மேடம்? உங்களுக்கா?"

"எனக்கு இல்லை."

"பின்னே, அந்த வைரஸுக்கா?"

"அது அந்த ஜீனை யார்கிட்டேருந்து எடுத்துது?"

"தெரியாது. எந்தக் காலத்துலயோ ஏதோ ஒரு மிருகம். அம்மை வந்து செத்திருக்கும்."

ஜெசிந்தா ஒரு குட்டியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார்.

"அதுக்குச் சொல்லுங்க. அதோட காதுதான் நமக்கு வழி காட்டுச்சு. இந்தக் குட்டி காதுல சொன்னாப் போதும்."