சூனிய விசாரணைச் சுவடி

மலையடிவாரப் பாளையம் ஒன்றில் திருமேனிநாதர் வழக்கு விசாரிக்கும் அதிகாரியாக இருந்தார். சூனியக்காரிகளை எப்படி விசாரிப்பது என்று மூன்று வருடம் உழைத்து ஒரு சுவடி எழுதியிருந்தார். அதை ஒரு வழக்கில் பயன்படுத்துவதற்கு முன், தனக்குச் சட்டம் கற்பித்த பொன்னம்பல அடிகளிடம் காட்ட வந்தார்.

“வழக்கு யார்மேல்?”

“கருத்தாயி என்ற மருத்துவச்சிமேல். இந்த மழைக்காலத்தில் அவள் பார்த்த பிரசவங்களில் மூன்று குழந்தைகள் செத்துப் பிறந்தன. சூனியம் வைத்துவிட்டாள் என்கிறார்கள். நாளைக்குத் தீர்ப்பு.”

அடிகள் ஆசனத்தை விட்டு இறங்கி, கைகட்டித் தரையில் உட்கார்ந்தார்.

“நான்தான் கருத்தாயி. விசாரி.”

திருமேனிநாதர் தயங்கினார். பிறகு சுவடியைப் பிரித்தார்.

“உன்மேல் என்ன குற்றம் என்று தெரியுமா?”

“தெரியாது.”

“சூனியக்காரி தெரியாததுபோல் நடிப்பாள் என்று எழுதியிருக்கிறேன்.”

“சரி, தெரியும்.”

“செய்தவளுக்குத்தான் தெரியும் என்று அடுத்த வரியில் இருக்கிறது.”

“செத்த பிள்ளைகளை நினைத்து அழுகிறேன்.”

“அது வேஷம்.”

“அழவில்லை.”

“கல்நெஞ்சு.” இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

“நான் என்ன சொன்னால் என்னை வீட்டுக்கு அனுப்புவாய்?”

திருமேனிநாதர் ஏடுகளைக் கடைசிவரை புரட்டினார். பதில் கிடைக்கவில்லை.

“வா, அவளைப் பார்த்துவிட்டு வரலாம்” என்றார் அடிகள்.

கருத்தாயி சிறையில் சுவரில் சாய்ந்திருந்தாள். விலங்கு போட்ட மணிக்கட்டுகள் வீங்கியிருந்தன.

“உனக்கு என்ன வேண்டும் தாயி?” என்று கேட்டார் அடிகள்.

“எனக்கு ஒண்ணும் வேணாம் சாமி. மேலத்தெரு செல்லிக்கு இது பத்தாம் மாசம். பிள்ளை குறுக்கே கிடக்கு. திருப்பிவிடாட்டி ரெண்டு உசிரும் தங்காது. அரை நாள் விட்டாப் போதும், வந்துடுறேன். நம்பிக்கை இல்லைன்னா காவலுக்கு ஆள் அனுப்புங்க.”

திருமேனிநாதர் காவலனிடம் சாவி வாங்கித் தன் கையாலேயே விலங்கைக் கழற்றினார்.

“நீ திரும்பி வர வேண்டாம்மா. வழக்கைத் தள்ளிவிட்டேன்.”

அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. மேலத்தெருவைப் பார்த்து வேகமாக நடந்தாள். அவளை விட்ட செய்தி அதற்குள் பரவி, தெருமுனையில் ஆட்கள் கல்லோடு நின்றார்கள். திருமேனிநாதர் ஓடிப்போய் அவளுக்கு முன்னால் நடந்தார். ஒரு கல் அவர் தோளில் பட்டது. அவர் நிற்கவில்லை.

மத்தியானம் செல்லியின் வீட்டுக்குள் குழந்தை அழும் சத்தம் கேட்டது. வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

திருமேனிநாதர் அடிகளிடம் திரும்பி வந்தார்.

“குழந்தை பிழைத்துவிட்டது ஐயா. ஆனால் ஒன்று கேட்க வேண்டும்.”

“கேள்.”

“இதுவும் செத்துப் பிறந்திருந்தால்?”

“அவளுக்கு நீ இன்னும் அதிகமாகத் தேவைப்பட்டிருப்பாய்.”