அடைபட்டோர் துறை

குழந்தைகளே, வெகுகாலத்துக்கு முன்பு ஒரு மலைக்காட்டில் நான் ஓர் ஓசை கேட்டேன். ஹூஷ்... ஹூஷ்... ஹூஷ்... பழைய நீராவி ரயில் மூச்சு வாங்கிக்கொண்டு மேட்டில் ஏறுவது போல இருந்தது. அங்கே தண்டவாளம் கிடையாது. அண்ணாந்து பார்த்தேன். மஞ்சள் அலகுடைய பெரிய பறவை ஒன்று மரங்களுக்கு மேலே போயிற்று. அதன் பெயர் இருவாச்சி. அந்த ஓசை அதன் சிறகுகளுடையது.

அந்தக் காட்டில் நடந்த கதைதான் இது.

இருவாச்சிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை உயரமான மரத்தின் பொந்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். ஆணும் பெண்ணும் சேர்ந்து வாசலை மண்ணால் பூசி அடைத்துவிடும். அலகு நீட்ட ஒரு கீற்று மட்டும் மிஞ்சும். உள்ளே பெண் பறவையின் இறகுகள் உதிர்ந்துபோகும். குஞ்சு வளரும்வரை ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து அந்தக் கீற்றின் வழியாக ஊட்ட வேண்டும். அது வராவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்கு வேறு நாதி இல்லை.

ஒரு கோடையில், காற்றில் முறிந்த கிளை ஒன்று ஆண் இருவாச்சியின் சிறகின்மேல் விழுந்தது. அதற்குப் பிறகு பறக்க முடியவில்லை. கிளைக்குக் கிளை தத்தித்தான் போக முடிந்தது. பக்கத்து மரங்களில் ஒரு பழமும் இல்லை.

"எங்கே போனீங்க?" என்றது பொந்துக்குள்ளிருந்து பெண் இருவாச்சி.

"சிறகுல அடி பட்டுடுச்சு. கொஞ்சம் பொறுத்துக்கோ. உணவு வங்கிக்குப் போய்க் கேட்டுட்டு வரேன்."

"சீக்கிரம் வாங்க. குஞ்சு நேத்து கத்தின மாதிரி இன்னைக்குக் கத்தலை. சத்தம் சின்னதாயிட்டே வருது."

காட்டின் நடுவே ஒரு பெரிய குகை. அதுதான் அனைத்துக் காட்டு உணவு வங்கி. முன்பு ஒரு பஞ்சத்தில் அதைத் தொடங்கியது ஒரு கரடி. கரடி குகை வாசலில் உட்கார்ந்திருக்கும். பசி என்று வந்தவர்களுக்கு அள்ளிக் கொடுக்கும். அவ்வளவுதான் வங்கி.

பிறகு, ஊர்ப்பக்கம் போய்வந்த நரி ஒன்று அங்கே வந்து சேர்ந்தது.

"இப்படி அள்ளி அள்ளிக் கொடுக்கிறதுக்குப் பேர் நிர்வாகமா?" என்று கேட்டது.

வேலைகளைத் துறைகளாகப் பிரித்தது. அணில்களுக்குச் சேகரிப்புத் துறை. முள்ளம்பன்றிக்கு இருப்புத் துறை. கொக்குக்குத் தகுதித் துறை. மயிலுக்கு நன்றித் துறை. இவை எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கும் துறையை நரி தனக்கே வைத்துக்கொண்டது.

"அள்ளிக் கொடுக்கிறது எந்தத் துறை?" என்று கரடி கேட்டது.

"அது ஒரு வேலையா? அது தானா நடக்கும்," என்றது நரி.

கரடி சற்று நேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு மலையைத் தாண்டிப் போய்விட்டது.

இருவாச்சி தத்தித் தத்திக் குகைக்கு வந்தபோது வாசலில் வரிசை இருந்தது. வரிசையில் நின்றது ஒரே ஒரு கிழச் சருகுமான். சருகுமான் என்றால் முயலைவிடக் கொஞ்சம் பெரிய மான், அவ்வளவுதான். இதுவோ விலாவெலும்பும் கண்ணுமாக இருந்தது.

"வா தம்பி. பின்னாடி நில்லு. முன்னாடி நிக்கணும்னாலும் நில்லு. ரெண்டும் ஒண்ணுதான்," என்றது சருகுமான்.

"ரொம்ப நாளா நிக்கறீங்களா அக்கா?"

"காலடியில வேர் தெரியுது பாரு. நான் வந்து நின்னப்போ அது மண்ணுக்குள்ள இருந்துச்சு."

"உள்ளே பழம் இல்லையா?"

"இல்லையாவா! மூச்சை இழுத்துப் பாரு, வாசனை வரும். கீழே உதிர்ந்ததைத் தின்னு பிழைச்சவ நான். இப்போ ஒண்ணு உதிர்ந்தா, நான் கழுத்தைத் திருப்புறதுக்குள்ள சேகரிப்புத் துறை பொறுக்கிட்டுப் போயிடுது. யாருக்குய்யா இதெல்லாம்னு கேட்டேன். 'பசிச்சவங்களுக்கு'ன்னு சொன்னாங்க. சரி, அது நான்தானேன்னு வந்து நிக்கறேன்."

"அடுத்தவர்!" என்று கூப்பிட்டது கொக்கு. அது ஒற்றைக்காலில் நின்றிருந்தது. சருகுமான் இருவாச்சியைத் தலையால் முட்டி முன்னே தள்ளியது.

"யாருக்குப் பசி?" என்று கேட்டது கொக்கு.

"என் மனைவிக்கும் குஞ்சுக்கும் ஐயா."

"பசித்தவர் நேரில் வரவேண்டும்."

"அவ மரப்பொந்துல அடைபட்டு இருக்கா. வர முடியாது."

"அடைத்தது யார்?"

"நாங்களேதான்."

கொக்கு காலை மாற்றி நின்றது. "நீங்களே அடைத்துவிட்டு நீங்களே பசி என்கிறீர்கள். இது பசியில் சேராது. குடும்ப விவகாரம்."

"திறந்து வச்சா பாம்பு வந்து குஞ்சைத் தின்னுடும் ஐயா."

"பாம்பு எங்கள் துறை இல்லை. அடுத்தவர்!"

இருவாச்சி முள்ளம்பன்றியிடம் போயிற்று. "அண்ணே, ஒரே ஒரு அத்திப்பழம் கொடுங்க."

"கொடுத்தா இருப்பு குறையும்," என்றது முள்ளம்பன்றி. "குறையாம பாத்துக்கிறதுதான் என் வேலை. நான் பொறுப்பேத்ததிலிருந்து ஒரு பழம் குறைஞ்சதில்லை, தெரியுமா?"

"பின்னாடி பாதி அழுகிக் கிடக்கே அண்ணே?"

"அழுகிச்சுன்னு சொல்லு, ஒத்துக்கறேன். குறைஞ்சுதுன்னு சொல்லாதே."

பக்கத்தில் மயில் தோகையைச் சரிசெய்துகொண்டு வந்தது. "நன்றி சொல்ல வந்தீங்களா?"

"இன்னும் எதுவும் கொடுக்கலையே ஐயா."

"கொடுத்த பிறகு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்துடறாங்க. நன்றி சொல்ல ஒருத்தரும் மிஞ்சறதில்லை. அதனால நன்றி முதல்லயே வாங்கிடறது."

இருவாச்சிக்கு அழுகை வந்தது. அது அழுத சத்தம் கேட்டு உள்ளிருந்து நரி எழுந்து வந்தது. கதை முழுவதையும் கேட்டது. கேட்கக் கேட்க அதன் வால் ஆனந்தமாக ஆடியது.

"அடைபட்டவர்கள்! அட, இப்படி ஒரு பிரிவு இருக்கிறதே நமக்குத் தோணலையே! இன்னைக்குச் சாயங்காலமே புதுத் துறை தொடங்கறோம். அடைபட்டோர் துறை! திறப்பு விழா உண்டு, விருந்து உண்டு. நீங்கதான் சிறப்பு விருந்தினர்."

"விருந்து வேண்டாம் ஐயா. எனக்குன்னு வைக்கிற பழத்தைக் கையில கொடுத்துடுங்க, கொண்டுபோயிடறேன்."

"விருந்தினர் உள்ளே எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம். வெளியே கொண்டுபோறதுக்கு விதி இல்லை."

"விருந்து வச்சா இருப்பு குறையாதா?"

முள்ளம்பன்றி சிரித்தது. "அது விழாச் செலவு. குறைவு வேற, செலவு வேற."

இருவாச்சி வெளியே வந்து வேரின்மேல் உட்கார்ந்தது. "அவங்க பட்டினி கிடக்கும்போது நான் மட்டும் எப்படி அக்கா சாப்பிடறது?"

"உன்னை யாரு முழுங்கச் சொன்னா?" என்றது சருகுமான். "உங்க ஆளுங்க பழத்தை எப்படிக் கொண்டுபோவாங்கன்னு கீழே நின்னு எத்தனை தடவை பாத்திருக்கேன்!"

இருவாச்சி நிமிர்ந்து பார்த்தது.

குழந்தைகளே, இருவாச்சிக்குப் பை கிடையாது. அது பழங்களை விழுங்காமல் தொண்டைக்குள்ளே அடுக்கிக்கொள்ளும். பொந்து வாசலுக்கு வந்ததும் ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து ஊட்டும்.

சாயங்காலம் விழா நடந்தது. புதிய துறைக்கு அழுங்கைத் தலைவராக நியமித்தார்கள். யாராவது தொட்டால் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும் பிராணி அது. அடைபட்டு இருப்பதில் அதற்கு அனுபவம் அதிகம் என்றது நரி. அழுங்கு பதவியேற்று, உடனே சுருண்டு தூங்கிவிட்டது.

இருவாச்சி அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்தது. தொண்டை கொள்ளும் மட்டும் அடுக்கியது.

அப்போது மயில் முன்னால் வந்து தோகையை விரித்தது. "இப்போது சிறப்பு விருந்தினர் நன்றி கூறுவார்!"

இருவாச்சி அப்படியே நின்றது. அலகைத் திறந்தால் பழங்கள் உருண்டு வெளியே விழும். விழுந்தால் குஞ்சு இன்றிரவு தாண்டாது.

"ஒரு வார்த்தை போதும்," என்றது மயில்.

இருவாச்சி தலையை ஆட்டியது.

முள்ளம்பன்றி உற்றுப் பார்த்தது. அதன் முட்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. "என்ன இது? தொண்டை ஏன் இப்படிப் புடைச்சிருக்கு?"

எல்லோரும் திரும்பினார்கள். இருவாச்சி அலகை இறுக்கிக்கொண்டது. இறுக்கிய இறுக்கில் கண்ணில் நீர் முட்டியது.

அதைப் பார்த்தது நரி. உடனே கையைத் தூக்கியது. "யாரும் தொந்தரவு பண்ணாதீங்க! நெகிழ்ந்து போயிருக்கார். தொண்டை அடைச்சுப் போச்சு! அடைபட்டோர் துறைக்கு இதைவிடப் பெரிய நன்றி வேறென்ன வேணும்?"

எல்லோரும் கைதட்டினார்கள். மயிலும் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

இருவாச்சி வெளியே வந்தது. வரிசையில் சருகுமான் அதே இடத்தில் நின்றிருந்தது. இருவாச்சி அதன்முன் நின்று, ஒரு பழத்தை மேலே கொண்டுவரக் கழுத்தைத் தாழ்த்தியது.

"வாயைத் திறக்காதே!" என்றது சருகுமான் மெல்லிய குரலில். "முள்ளன் பாத்துக்கிட்டு நிக்கிறான். நானாவது காஞ்ச இலையைக் கடிப்பேன். உன் குஞ்சு பொந்துக்குள்ள எதைக் கடிக்கும்? போ தம்பி, போ."

அன்று இரவு பொந்தின் கீற்று வழியாகப் பழங்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. கடைசிப் பழம் உள்ளே போனபோது குஞ்சு பழையபடி பலமாகக் கத்தியது.

மறுநாள் இருவாச்சி மறுபடி குகைக்கு வந்தது. இந்த முறை பழம் கேட்கவில்லை.

"ஐயா, ஒரு சந்தேகம். குஞ்சுகளுக்குன்னு தனியா ஒரு துறை இல்லையே?"

நரியின் காது விடைத்தது. "இல்லையே!"

அன்று சாயங்காலம் குஞ்சுத் துறை தொடங்கியது. விருந்து நடந்தது. இருவாச்சிக்குத் தொண்டை அடைத்தது.

அடுத்து மண்பூச்சுத் துறை. பிறகு கீற்றுத் துறை. பிறகு உதிர்ந்த இறகுகளுக்கான துறை. இருவாச்சி ஒரு சந்தேகம் கேட்கும்; நரி ஒரு துறை தொடங்கும்; எல்லோரும் சாப்பிடுவார்கள்; சிறப்பு விருந்தினர் பேச முடியாமல் கண் கலங்குவார். "இவ்வளவு நன்றியுள்ள பறவையை நான் கண்டதில்லை," என்றது மயில். இத்தனை துறைகளில் ஒன்றுகூட, "எந்த மரம்?" என்று கேட்டதில்லை.

ஒருநாள் இருவாச்சி கேட்டது: "ஐயா, வரிசையில நிக்கறவங்களுக்கு ஒரு துறை வேண்டாமா?"

"வரிசைத் துறை! அருமை!" என்று துள்ளியது நரி.

"அதுக்குச் சிறப்பு விருந்தினரா சருகுமான் அக்காவைக் கூப்பிடுங்க ஐயா. அவங்கதான் பொருத்தம்."

நரி சிரித்துவிட்டது. "என்னப்பா நீ? அவங்களை உள்ளே கூப்பிட்டா வரிசையில யார் நிப்பாங்க? வரிசை இல்லாம வரிசைத் துறையா?"

அன்றும் இருவாச்சிக்குத்தான் இலை போட்டார்கள். அன்று மட்டும் அது நிஜமாகவே அழுதது.

வெளியே வந்தபோது சருகுமான் வேரின்மேல் படுத்திருந்தது. "விழா எப்படி?" என்பது போலத் தலையை உயர்த்தியது. இருவாச்சி மறுபடி கழுத்தைத் தாழ்த்தியது.

"குஞ்சுக்கு இறகு முளைச்சாச்சா?" என்று கேட்டது சருகுமான்.

இருவாச்சி இல்லை என்று தலையசைத்தது.

"அப்புறம் என்ன? முளைக்கட்டும். நான் எங்கே போயிடப்போறேன்? வரிசையில முதல் ஆள் நான்தான்."

கோடை முடிந்து மழை வந்தது. அத்திமரங்கள் மறுபடி காய்த்துப் பழுத்தன. ஒரு காலையில் பெண் இருவாச்சி வாசல் மண்ணைக் கொத்தி உடைத்துக்கொண்டு புது இறகுகளோடு வெளியே வந்தது. அதன்பின் குஞ்சு வந்தது. கிளை நுனியில் நின்று தயங்கியது. பிறகு பறந்தது. ஹூஷ்... ஹூஷ்... ஹூஷ்...

ஆண் இருவாச்சியின் சிறகு கோணலாகவே கூடியிருந்தது. ஆனாலும் கொஞ்சம் பறக்க முடிந்தது. அது முதல் வேலையாக அத்திமரத்துக்குப் போய்த் தொண்டை நிறையப் பழம் எடுத்துக்கொண்டு குகை வாசலுக்கு வந்தது. பழங்களை ஒவ்வொன்றாக அந்த வேரின்மேல் இறக்கி வைத்தது. யார் பார்த்தாலும் அதற்கு இனிக் கவலை இல்லை.

வேருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

"அக்கா எங்கே?" என்று கொக்கிடம் கேட்டது.

கொக்கு வரிசையைப் பார்த்தது. "வரிசையில் யாரும் இல்லை. ஆகவே யாருக்கும் பசி இல்லை."

"பாத்தீங்களா!" என்றது நரி. "காட்டுல பசியே இல்லாம பண்ணிட்டோம். இதுக்கு ஒரு விழா எடுக்கணும். நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசணும்."

இருவாச்சியின் தொண்டை காலியாகத்தான் இருந்தது. அப்போதும் அதனால் பேச முடியவில்லை.

சருகுமான் அதற்கு முந்தின இரவு அந்த வேரின்மேல் தலை வைத்தபடி இறந்துபோயிருந்தது. அதன் பெயரில் இப்போது அங்கே ஒரு துறை இருக்கிறது.

நீதி: கொடுப்பதற்கு ஒரு கை போதும், கொடுக்காமல் இருப்பதற்குத்தான் அத்தனை துறைகள் வேண்டும்.