ஒரு கைக்கு இரண்டு வாக்கு

கடலூர் ரேஷன் கடை ஒன்றில் எடைபோடும் வேலை பார்த்த கோதை, ஒரே கையை வைத்து இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் பட்ட பாட்டைச் சொல்கிறேன். கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

முதல் வாக்கு சாமிக்கு. மூன்று வருஷத்துக்கு முன் மகள் டெங்குவில் கிடந்தபோது, "இவ பிழைச்சா இனிமே என் கையால ஓர் உயிரும் சாகாது" என்று வேண்டிக்கொண்டாள். மகள் பிழைத்தாள். அன்றுமுதல் கோதை கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டுவாள்.

இரண்டாவது வாக்கு மாடிவீட்டு ரெஜினாவுக்கு. தனியாக இருந்த ரெஜினா, இடுப்பு ஆபரேஷனுக்குப் புறப்பட்டபோது வீட்டுச் சாவியைக் கொடுத்துத் தன் ஃபிஞ்ச் ஜோடியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். கட்டைவிரல் பருமனுள்ள கூண்டுப் பறவைகள்.

"அதுங்க என்கிட்டயும் உன்கிட்டயும்தான் பழகியிருக்கு. வேற யாரும் கூண்டுல கை வைக்க வேணாம் கோதை, நீயே பாத்துக்க."

தினை போட்டுத் தண்ணீர் மாற்றுவதுதானே என்று கோதை சரி சொன்னாள்.

ஐந்தாம் நாள் கூட்டிலிருந்த முட்டைகள் பொரிந்து நான்கு குஞ்சுகள் வந்தன. மறுநாள் காலை ஒன்று கூண்டின் அடித்தட்டில் செத்துக் கிடந்தது. பறவைக் கடைக்குப் போன் செய்தாள். இந்த ஜாதிக் குஞ்சுகளுக்கு முதல் பத்து நாள் உயிருள்ள மாவுப்புழுதான் வேண்டும், தாய் வேறெதையும் ஊட்டாது என்றார் கடைக்காரர்.

நாளெல்லாம் தராசடியில் நின்ற காலோடு பஸ் ஏறிப் போய், தவிட்டில் போட்ட புழு ஒரு டப்பா வாங்கிவந்தாள். ஈரம் பட்டால் அழுகிவிடும், மூடியில் துளை இருக்கட்டும், தாகத்துக்குக் கேரட் துண்டு போடுங்கள் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். நறுக்கிப் போட்டாள். தவிட்டுக்குள்ளிருந்து பொன்னிறப் புழுக்கள் வந்து கேரட்டை மொய்த்தன. அவை தின்பதைப் பார்த்த பிறகு, எடுத்துச் சாகக் கொடுக்க அவளுக்குக் கை எழவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்திருந்த நாத்தனார் வள்ளியம்மை, சாமிக்குச் சொன்னதே பெரிசு, புழுவைக் கொல்லையில் கொட்டிவிட்டுப் பேசாமல் இரு என்றாள்.

"பெத்த பொண்ணவிடக் குருவி ஒசத்தியா?"

கணவன் தணிகாசலத்துக்கு வேறொன்று தோன்றியது. "உன் கையாலன்னுதானே வேண்டிக்கிட்ட? நான் போடறேன்."

மாடிக்குப் போய்க் கூண்டுக்குள் கைவிட்டான். தாய்ப்பறவை கூட்டைவிட்டுப் பதறிப் பறந்து கம்பியில் மோதியது. அவன் விலகி ஒரு மணி நேரமாகியும் அது கூட்டுக்குத் திரும்பவில்லை. கிண்ணத்தில் புழுக்கள் போட்டது போட்டபடி நெளிந்தன. குஞ்சுகளின் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது.

கோதை எழுந்து போனாள். அப்போதுதான் பழைய தோலைக் கழற்றியிருந்த, வெள்ளையான, மெத்தென்ற புழுக்களாகப் பார்த்து இடுக்கியால் எடுத்துக் கிண்ணத்தில் வைத்தாள். அவள் கையைக் கண்டதும் தாய் இறங்கி வந்தது. பத்து நாள், காலையும் மாலையும், வேறு யாரையும் விடாமல் அவளே செய்தாள். சாமி படத்துக்கு விளக்கேற்றுவதை மட்டும் கணவனிடம் விட்டுவிட்டாள்.

ரெஜினா வாக்கரோடு வீடு திரும்பியபோது மூன்று குஞ்சுகள் இறகு முளைத்து நின்றன. கோதை சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். "ஒண்ணு என்னாலதான்க்கா போச்சு" என்றாள்.

வேண்டுதலே பெரிது என்ற வள்ளியம்மையா, தன் கையைத் தர முன்வந்த தணிகாசலமா, வேண்டுதலை மீறிய கோதையா? இதில் யார் பக்கம் நியாயம்?

விடை: கோதை பக்கம்தான். வள்ளியம்மை சொன்னபடி சும்மா இருந்தாலும் வேண்டுதல் நிலைத்திருக்காது. சாவி கோதையிடம் இருக்கும்வரை, பட்டினியில் சாகிற குஞ்சும் அவள் கையால் செத்ததுதான். தணிகாசலம் மனதாரத்தான் வந்தான். பறவை அவன் கையை ஏற்கவில்லை. எப்படியும் உடைந்துவிட்ட வேண்டுதலுக்காக இன்னும் மூன்று உயிரைக் கொடுக்க அவள் சம்மதிக்கவில்லை. இந்த நியாயத்தைக் கோதையிடமும் சொன்னார்கள். ஆமாம் என்று கேட்டுக்கொண்டாள். ஆனாலும் தினமும் விடிந்ததும் அவள் முதலில் தொட்டுப் பார்ப்பது மகளின் நெற்றியைத்தான்.