வேண்டாமென்ற கடலை உருண்டை

"உங்களுக்குள்ள கோபம் இருக்குதுங்கம்மா. மறைக்காதீங்க."

வாசலில் தொங்கிய ‘அம்மா மௌனம்’ பலகையை இடித்துக்கொண்டு உள்ளே வந்தார் டாக்டர் நல்லசிவம். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கையில் ரத்தப் பரிசோதனை முடிவு.

குன்றத்தம்மா முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

அம்மாவின் மூளையில் ஒரு ரத்தக்குழாய் பலூன்போலப் புடைத்திருந்தது. சின்னப் புடைப்புதான். இப்போதைக்கு அறுவை வேண்டாம், கண்காணித்தால் போதும் என்று கோயம்புத்தூரில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கண்காணிப்பது நல்லசிவத்தின் வேலை. அம்மாவின் ஆசிரமத்தில் சீடராக வந்து சேர்வதற்கு முன் நாற்பது வருஷம் வைத்தியம் பார்த்தவர். வயதிலும் அம்மாவுக்கு மூத்தவர்.

உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு மாதாமாதம் ஏறிக்கொண்டே வந்தது. இப்படியே ஏறினால் புடைத்த குழாயின் சுவர் மெலிந்து கிழிந்துவிடுமோ என்று மனிதருக்குத் தூக்கமே போய்விட்டது. பாதி டாக்டர், பாதி பக்தர். இரண்டு பாதியும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தன.

"சளி இல்லை. காய்ச்சல் இல்லை. மூட்டு வலி இல்லை. அப்புறம் இந்த எரிச்சல் எங்கிருந்துங்க வருது? மனசிலிருந்துதான வரணும்?"

அம்மா அடுத்த கொத்தை எடுத்தார்.

"நான் கட்டின ஆஸ்பத்திரியிலிருந்து என் கூட்டாளி என்னையே வெளியே தள்ளினான். அவன் சட்டையைப் பிடிச்சிருப்பேன். கோபத்தை விட்டுடுங்கன்னீங்க, விட்டேன். இத்தனை வருஷமும் உள்ளுக்குள்ளயே வெந்துக்கிட்டுக் கிடந்தேன். கடைசியில உங்க ரத்தத்துலயே நெருப்பு எரியுது. அப்ப நான் ஏமாந்தவனாங்க?"

"முடிச்சாச்சுங்களா?"

"இல்லைங்க. இன்னிக்கே கிளம்பறேன். இனி இந்தப் பக்கம் வர மாட்டேன்."

அம்மா எழுந்தார். மாடத்திலிருந்த டார்ச் விளக்கை எடுத்து அவர் கையில் திணித்தார். எதிரே உட்கார்ந்து வாயைப் பிளந்தார்.

நல்லசிவத்துக்குக் கை கூசியது. வந்த நோயாளியிடமெல்லாம் முதலில் ‘ஆ காட்டு’ என்றவர்தான். இந்த வாயிலிருந்து வரும் சொல்லுக்குத் தவம் கிடந்திருக்கிறாரே தவிர, அதற்குள் ஒரு நாளும் பார்த்ததில்லை. குருவை வாயைத் திறக்கச் சொல்வதாவது!

வெளிச்சத்தை அடித்தார்.

கடைவாய்ப் பல்லைச் சுற்றி ஈறு செக்கச்செவேல் என்று வீங்கியிருந்தது. ஓரத்தில் சீழ்.

"எவ்வளவு நாளாங்க?"

"பொங்கலுக்கு முந்தியிருந்து."

"ஐயோ, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா? உயிரோட விளையாடற காரியமா இது?"

அப்போதுதான் அம்மாவுக்குக் கோபம் வந்தது. அசல் கோபம். முறத்தைத் தூக்கி எறிந்தார். கீரை நல்லசிவத்தின் தலையெல்லாம் சிதறியது.

"சொல்லலையா? நீங்க கடலை உருண்டை கொண்டாந்து நீட்டினப்போ, வேண்டாம், கடிக்க முடியலைன்னு உங்க மூஞ்சிக்கு நேராச் சொன்னேன். வெளிய போயி, ‘அம்மா ருசியை ஜெயிச்சுட்டாங்க’ன்னு கூட்டத்துக்குப் பிரசங்கம் பண்ணுனீங்க!"

"அம்மா..."

"மறுநாள் வலி தாங்காம வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். மௌனம்னு பலகை எழுதி மாட்டுனீங்க!"

நல்லசிவம் தலையில் ஒட்டிய கீரையை ஒவ்வொன்றாக எடுத்து முறத்தில் போட்டார்.

"கிளம்பறேன்னீங்கல்ல? காரை எடுங்க. பல் டாக்டர்கிட்டப் போகணும்."

வாசலில் நின்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மேலே தொங்கிய பலகையைக் காட்டினார்.

"அதைக் கழட்டி எறிஞ்சுட்டு வாங்க."