மயிலாத்தாவின் பாலில் மாவு

நாச்சிமுத்து ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு அறுபத்து மூன்று வயது. போலீஸ் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். குரு செல்லாண்டியம்மா அவரைவிடப் பதினோரு வயது சிறியவர். வயதில் சிறிய பெண்களைக் கூப்பிடுகிற பழக்கதோஷத்தில் முதல் நாளே அவரை "அம்மணி" என்று கூப்பிட்டுவிட்டு, இரண்டு நாள் முகத்தில் விழிக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு திரிந்தார்.

மூன்றாம் நாள் தன் கேள்வியைக் கேட்டார்.

"யாரைப் பாத்தாலும் சந்தேகமா இருக்குதுங்கம்மா. வேலை போயிருச்சு, சந்தேகம் போகமாட்டேங்குது. இதுக்கு என்ன வழிங்க?"

செல்லாண்டியம்மா அவரைப் பின்கட்டில் இருந்த சின்ன அறைக்குக் கூட்டிப்போனார். துறவு ஏற்பதற்கு முன் அந்த அம்மா உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர். ஆசிரமத்தில் ஐம்பது பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள். அவர்களுக்குக் காலையில் காய்ச்சுகிற பாலை அந்த அறையில்தான் சோதிப்பார்கள். அயோடின் புட்டியை எடுத்து நாச்சிமுத்துவின் கையில் கொடுத்தார்.

"நாளையில இருந்து பால் சோதனை உங்களோட பொறுப்பு" என்றார்.

கேள்விக்குப் பதில் வரவில்லையே என்று நாச்சிமுத்துவுக்கு வருத்தம்தான். ஆனால் வேலை பிடித்துப்போயிற்று. பாலைக் கண்ணாடிச் சோதனைக் குழாயில் ஊற்றிக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, இரண்டு சொட்டு அயோடின் விட வேண்டும். மஞ்சளாக நின்றால் பால் நல்ல பால். நீலமாக மாறினால் கெட்டியாகத் தெரிவதற்காக யாரோ மாவு கலந்திருக்கிறார்கள். தண்ணீர் கலந்திருந்தால் அதைச் சொல்ல லாக்டோமீட்டர் இருந்தது. குற்றவாளியை அடிக்காமல், அதட்டாமல், இரண்டு சொட்டில் பிடித்துவிடலாம். இப்படி ஒரு சௌகரியம் தன் சர்வீஸில் கிடைக்கவில்லையே என்று அவர் ஏங்கினார்.

செல்லாண்டியம்மா ஒரே ஒரு கட்டளை வைத்திருந்தார். தினமும் ஒரு குழாயில் பாலுக்குப் பதிலாகச் சுத்தமான டிஸ்டில்டு வாட்டரை ஊற்ற வேண்டும். அதற்கு வெறுங்குழாய் என்று பெயர். பாலுக்குச் செய்வதை எல்லாம் அதற்கும் செய்ய வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்து அயோடின் விடுவது நாச்சிமுத்துவுக்குக் கிறுக்குத்தனமாகப் பட்டது. கட்டளை ஆயிற்றே என்று செய்துவந்தார்.

பால் ஊற்றியவர்கள் ஆறு பேர். அதில் ஐந்து பேர் ஏதாவது ஒரு நாள் தண்ணீர் கலந்து மாட்டிக்கொண்டு, தலையைச் சொறிந்து, இனிமேல் இல்லை என்று கும்பிட்டவர்கள். அவர்கள் மேல் அவருக்கு ஒரு பிரியமே வந்துவிட்டது. ஆறாவது மயிலாத்தா. இரண்டு மாடு வைத்துப் பிழைக்கிற பெண்பிள்ளை. நான்கு மாதத்தில் அவள் ஒருநாளும் மாட்டவில்லை.

அதுதான் அவருக்கு உறுத்தியது. இத்தனை சுத்தமாக ஒருத்தி இருக்க முடியாது, இவள் கைதேர்ந்தவள் என்று முடிவு கட்டினார்.

அன்றைக்குக் காலை மயிலாத்தாவின் பால் நீலமாயிற்று.

மறுபடி சோதித்தார். நீலம். மூன்றாவது தடவையும் நீலம். நாச்சிமுத்துவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது என்றால் அது பொய்யில்லை. வாசலுக்கு வந்து மற்ற ஐந்து பேர் முன்னால் விஷயத்தைப் போட்டு உடைத்தார். பால் கேனைச் சாட்சிப் பொருள் என்று பிடித்து வைத்துக்கொண்டார். நாளையிலிருந்து இந்தப் பக்கம் வராதே என்றார்.

மயிலாத்தா தன் மாட்டின் மேல் சத்தியம் செய்தாள். இப்படிச் சத்தியம் செய்த எத்தனையோ பேரை அவர் பார்த்திருக்கிறார்.

ஐந்து பேரும் மீதிப் பாலை ஊற்றச் சொசைட்டிக்குப் போனார்கள். பாலோடு சேதியும் போயிற்று. சொசைட்டியிலும் அவள் பாலை வேண்டாம் என்று சொல்ல ஒரு காலை நேரம் போதும். அதற்குப் பிறகு அந்த ஊரில் அவள் பாலை யாரும் வாங்க மாட்டார்கள். மாட்டை விற்றுவிட்டுக் கூலிக்குப் போக வேண்டியதுதான். அவளும் அதைத் தெரிந்துகொண்டவளாகக் கேனுக்காகக் காத்திருக்காமல் சொசைட்டிப் பக்கம் ஓடினாள்.

நாச்சிமுத்து மூன்று நீலக் குழாய்களையும் தாங்கியோடு செல்லாண்டியம்மாவிடம் கொண்டுபோய் வைத்தார்.

"வெறுங்குழாய் எப்படி இருந்துச்சுங்க?" என்று குரு கேட்டார்.

"மஞ்சளாத்தான் இருந்துச்சுங்கம்மா. மத்த அஞ்சு பேர் பாலும் மஞ்சள்தானுங்க."

"அதுக்குச் செஞ்சதைத்தானே இதுக்கும் செஞ்சீங்க?"

"சத்தியமா அதையேதானுங்க."

செல்லாண்டியம்மா எழுந்து சோதனை அறைக்கு வந்தார். டிஸ்டில்டு வாட்டர் புட்டியை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார். ஒரு துண்டுச் சீட்டில் மயிலாத்தா என்று எழுதிப் புட்டியின் மேல் ஒட்டினார்.

"இது அவ பாலுன்னு நெனைச்சுச் சோதிங்க."

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. அங்கே இன்னொரு தாங்கியில் காய்ந்துகொண்டிருந்த குழாய் ஒன்றை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெயரை ஒரு தரம் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த வெள்ளைத் துண்டின் முனையைத் திருகி, குழாய்க்குள் விட்டு, நன்றாகத் துடைத்தார். தண்ணீரை ஊற்றினார். கொதித்தது, ஆறியது. இரண்டு சொட்டு அயோடின் விட்டார்.

தண்ணீர் நீலமாயிற்று.

அவர் முதலில் புட்டியைப் பார்த்தார். அப்புறம் குருவின் கையைப் பார்த்தார். இந்த அம்மா எதையோ போட்டுவிட்டார் என்று தோன்றியது. தோன்றியதை மறைக்கவும் இல்லை. அலமாரியிலிருந்து சீல் உடைக்காத புதுப் புட்டியைத் தானே எடுத்தார். இன்னொரு குழாயை முன்னைவிட அழுத்தித் துடைத்தார். அதுவும் நீலம்.

"எல்லாக் குழாயையும் இப்படித் துடைப்பீங்களா?" என்றார் குரு.

"இல்லீங்க. மத்ததெல்லாம் காய வெச்சது போதுமுங்க. அவளுக்கு மட்டும்தான் இன்னிக்குத் துடைச்சேன். நாளைக்கு அவ, குழாய் அழுக்குன்னு சொல்லித் தப்பிச்சிரக் கூடாது பாருங்க."

சொல்லி முடிக்கும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. தோளிலிருந்து துண்டை எடுத்து மேசைமேல் விரித்தார். சலவைக்குப் போய்ப் புதிதாக வந்த துண்டு. போலீஸ் உடுப்பைப் போலவே ஆசிரமத் துணிக்கும் மொடமொடவென்று கஞ்சி போடச் சொல்லுவார். அதன்மேல் ஒரு சொட்டு அயோடின் விட்டார். சொட்டு விழுந்த இடம் கருநீலமாகப் படர்ந்தது.

துடைக்காத குழாயில் மயிலாத்தாவின் பாலை ஊற்றிச் சோதித்தார். மஞ்சளாக நின்றது.

நாச்சிமுத்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. அவளைக் கூப்பிட்டு அனுப்பித் தனியாக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன் என்றார்.

"எத்தனை பேர் முன்னால சொன்னீங்க?" என்றார் குரு.

அவர் கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்கு நடந்தார். அங்கே வரிசை நின்றது. மயிலாத்தா வரிசையில் இல்லாமல் ஓரமாக ஒதுங்கி நின்றாள். செயலாளர் பதிவேட்டில் அவள் பெயர் இருந்த பக்கத்தை அடித்துவிடப் பிரித்து வைத்திருந்தார். நாச்சிமுத்து தன் பழைய லாக்கப் குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி, தப்பு என்னுடையது, மாவு என் துண்டில் இருந்தது, இவள் பால் சுத்தம் என்று சொன்னார். சிலர் சிரித்தார்கள். செயலாளர் பக்கத்தைத் திருப்பிவிட்டு, அவளை வரிசைக்கு வரச் சொன்னார். மன்னிச்சுக்க அம்மணி என்று கேனை அவளிடம் நீட்டினார் நாச்சிமுத்து. அவள் அதை வாங்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.

திரும்பி வந்தபோது குரு குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததை நாச்சிமுத்து ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லிவிட்டும் போகாமல் நின்றார்.

"இன்னும் என்னங்க?"

"ஒண்ணு சொல்லணுங்கம்மா. பால் சுத்தம்னு நானே சொல்லி, கேனை நானே கையில குடுக்கறேன். வாங்கும்போது அவ கை நடுங்குதுங்க. மடியில ஒண்ணும் இல்லாதவளுக்கு எதுக்குங்க நடுங்கோணும்?"

குரு கடைசிக் குழாயை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார்.

"முப்பத்து நாலு வருஷ சர்வீஸுங்கம்மா. என் எதிர்ல நின்னு கை நடுங்கினா உள்ள ஏதோ இருக்குதுன்னு அர்த்தம். அதை வெச்சே எத்தனையோ பேரைப் புடிச்சு உள்ள தள்ளியிருக்கேன்."

செல்லாண்டியம்மா கழுவிய குழாயைத் தாங்கியில் தலைகீழாகக் கவிழ்த்தார். கையை உதறிவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தக் கையெல்லாம், நீங்க எதிர்ல இல்லாதப்பவும் நடுங்குச்சுங்களா?"

  பிள்ளைகள் பால் குடிக்க வந்து போகும் சத்தம் கேட்டு ஓய்ந்தது. நாச்சிமுத்து அங்கேயே நின்றார். கை நடுங்கியதை வைத்து உள்ளே தள்ளியவர்களின் பெயர் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.