பால் சுறா

ஆறு கடலில் விழும் இடத்துக்கு வடக்கே, சவுக்குத் தோப்பின் ஓரமாகச் சாமியம்மாவின் குடிசை இருந்தது. சாமியம்மாவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. அவருடைய ஒரே சீடர் அஞ்சப்பனுக்கோ அறுபது தாண்டிவிட்டது. மீன் பிடித்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் குடிசை வாசலில்தான் கிடப்பார். பேரன் எடுக்கிற வயசில் கிழவனுக்கு வந்த ஞானத்தைப் பார் என்று தெருவில் சிரித்தார்கள். அவர் மகன் செத்த பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

மகன் பெயர் நாகலிங்கம். ஐப்பசிப் புயலில் கட்டுமரம் கவிழ்ந்து கடலோடு போனான். சில நாள் கழித்துக் கரை ஒதுங்கினான். முழுதாக ஒதுங்கவில்லை. சுறா தின்றது போக மிச்சத்தைத்தான் அஞ்சப்பன் மண்ணில் வைத்தார்.

அன்றோடு அவர் கடலுக்குப் போவதை விட்டார். "தாயே, சுறாவை எதுக்குப் படைச்சான்?" என்று வரும்போதெல்லாம் கேட்பார். சாமியம்மா பதில் சொன்னதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவருக்குப் பதில் சொல்வது லேசான காரியமா?

மருமகள் செவ்வந்தி அப்போது நிறைமாதம். கார்த்திகையில் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த வாரத்திலேயே ஒருநாள் காலை, அஞ்சப்பன் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"தாயே, ஒரு காரியம் செஞ்சுட்டேன். சரியா தப்பான்னு நீங்கதான் சொல்லணும்."

"உக்காருங்கண்ணே. என்ன ஆச்சு?"

"செவ்வந்திக்குப் பால் சுரக்கல. பச்சப்புள்ள அழுது அழுது தொண்டை கட்டிப்போச்சு. ஆட்டுப்பால் கொடுத்தா அப்படியே கக்கிடுது. விடிஞ்சதும் மருத்துவச்சி காசாம்பு பால் சுறா வாங்கி, புட்டு அவிச்சு எடுத்துக்கிட்டு வந்தா."

பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாப் புட்டு கொடுப்பது அந்தக் கரையில் வழக்கம். தின்றால் பால் ஊறும் என்பார்கள். வேறு எதுவும் கேட்காத இடத்தில் அதுதான் கேட்கும் என்பது காசாம்புவின் கணக்கு.

"அப்புறம்?"

"செவ்வந்தி கையை நீட்டிட்டா தாயே. என் மகனைத் தின்ன சாதி அது! அதைத் திங்க அவ கையை நீட்டுறா. தட்டைப் பிடுங்கி மணல்ல வீசிட்டேன். இனிமே இந்த வாசப்படியில சுறா ஏறக் கூடாதுன்னு சொல்லிட்டு வந்தேன்."

"செவ்வந்தி என்ன சொன்னா?"

"புள்ளையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா."

சாமியம்மா எழுந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஆத்து வெள்ளத்துல செத்த மாடு ஒண்ணு கடல்ல மிதக்குதாம். நான் பார்க்கணும். உங்க மரத்தைத் தள்ளுங்க."

"நான் கடலை விட்டாச்சு தாயே."

"எனக்குத் துடுப்புப் போடத் தெரியாதேண்ணே."

அஞ்சப்பன் முணுமுணுத்துக்கொண்டே போய்க் கரையில் காய்ந்து கிடந்த கட்டுமரத்தைத் தள்ளினார்.

அலை தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் மாடு தெரிந்தது. வயிறு உப்பி, கால்கள் விறைத்துக் கிடந்தது. சுற்றிலும் புலிச்சுறாக்கள். அஞ்சப்பன் மரத்தைத் தள்ளியே நிறுத்தினார்.

எல்லாவற்றிலும் பெரிய சுறா ஒன்று வந்து மூக்கால் மாட்டை மெல்ல முட்டியது. விலகிப் போனது. மறுபடி வந்து முட்டியது. பிறகுதான் வாய் வைத்தது. மற்றவை அடுத்த பந்திக்கு நிற்கிறவர்களைப் போலத் தள்ளியே சுற்றின.

"எதுக்கு முட்டிப் பார்க்குது?"

"செத்ததுதானான்னு பார்க்குது. உயிர் இருந்தா உதைக்கும்ல? அடிபட அதுக்கும் பயம்தான்."

பக்கத்தில் ஓர் ஆமை தலையைத் தூக்கி மூச்சு விட்டுவிட்டு நீந்திப் போனது. ஒரு சுறாவும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அதை ஏன் விட்டுடுச்சு?"

"நல்லா இருக்கிறதைத் துரத்தில்ல பிடிக்கணும்? சும்மா கிடக்கிறதை விட்டுட்டு அது ஏன் துரத்தப் போகுது? சாவு வாடை எங்கேயோ அங்கேதான் இதுங்க வரும்."

சொல்லி முடித்ததும்தான் அஞ்சப்பனுக்குத் தான் சொன்னது உறைத்தது.

சாமியம்மா கேட்டார்: "இதுங்க வந்தப்ப நாகலிங்கத்துக்கு உயிர் இருந்துச்சா?"

"இல்ல. கூடப் போனவன் பார்த்திருக்கான். கவிழ்ந்தப்ப மரம் தலையில அடிச்சிருக்கு. அந்த இடத்துலயே போயிட்டான்."

"அப்ப சுறா கொல்லல."

"கொல்லல."

"இது எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா இவ்வளவு கோவம்?"

அஞ்சப்பன் திடீரென்று உடைந்துபோனார்.

"யாரையாச்சும் கோவிச்சுக்கணும்ல தாயே! காத்தைக் கோவிக்கவா? அலையைக் கோவிக்கவா? அதுங்களுக்கு முகமா இருக்கு? இதுக்குத்தான் வாய் இருக்கு, பல்லு இருக்கு."

துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு சத்தமாக அழுதார். மண்ணில் வைத்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை. சாமியம்மா தேற்றவில்லை. அழுது முடியட்டும் என்று காத்திருந்தார். அதற்குள் மாட்டின் பக்கம் சின்னச் சுறாக்கள் வந்துவிட்டன. அவை உதிர்த்ததைக் கொத்தக் குஞ்சு மீன்கள் மொய்த்தன.

கரைக்குத் திரும்பும்போது அஞ்சப்பன் தானாகவே பேசினார்.

"பால் சுறா முழ நீளத்து மீனு. ஆளைத் தின்னாது. அது எனக்குத் தெரியாதா? ஆனா பெரிசு சிந்துறதைச் சின்னது தின்னும். பெரிசு செத்தா அதையும் தின்னும். கடல்ல எது எதைத் தின்னுச்சுன்னு யாரு கண்டா? காசாம்பு தட்டை நீட்டினப்ப எனக்கு வேற நினைப்பே ஓடல தாயே. அந்தப் புட்டுல என் மகன் இருந்திருந்தா?"

மரம் மணலில் தட்டி நின்றது. காற்று தெருப் பக்கமிருந்து வீசியது. அஞ்சப்பன் வீட்டுக் குழந்தை அழுவது கேட்டது. அழுகையில் பலமே இல்லை.

சாமியம்மா இறங்கி, அவருக்குக் கை கொடுத்தார்.

"இருந்திருந்தா, பெத்த புள்ளைக்குப் பால் கொண்டுக்கிட்டு வீடு வந்திருக்கான் அண்ணே. நீங்கதான் வாசலோட திருப்பி அனுப்பிட்டீங்க."