வாயைத் திறந்தால் உப்பு

இந்தக் கதையில் வரும் குருவுக்குத் தாடி கிடையாது. பெயர் அங்கயற்கண்ணி, மதுரைக்காரர், வயது அறுபத்தொன்று. சீடர் அவருடைய கணவர் தில்லைநாயகம். ஊரறிந்த பட்டிமன்றப் பேச்சாளர். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும், எந்த அணியில் உட்கார வைத்தாலும் பேசுவார். தண்ணீர் மட்டும் அவருக்கு ஆகாது. குற்றாலத்துக்குப் போனாலும் அருவியை விட்டுத் தள்ளி நின்று தலையில் தெளித்துக்கொள்கிற ஆள்.

வருஷத்துக்கு ஒரு முறை இருவரும் ஏதாவது ஒரு தீவுக்குப் போவார்கள். கண்ணாடி மாட்டி, வாயில் குழாயைக் கடித்துக்கொண்டு, கடலுக்குள் முகத்தை வைத்து மிதப்பதற்கு ஸ்நார்கெலிங் என்று பெயர். மகள் கூட்டிப்போன ஒரு பயணத்தில் குரு அதைப் பழகினார். அன்றிலிருந்து அதன் மேல் பைத்தியம். அவர் கடலில் மிதப்பார். சீடர் கரையில் செருப்புக்கும் பைக்கும் காவல். குரு கரையேறியதும் கேள்வி ஒன்றுதான்.

"என்ன பார்த்தே?"

குரு தலையைத் துவட்டியபடியே எல்லாம் சொல்வார். கிளிமூக்கு மீன் பவளத்தைக் கொறிக்கிற சத்தம்கூடக் கேட்கும் என்பார். அடுத்த மாதம் அந்த மீன் தேவகோட்டையில் மேடை ஏறும். 'ஆழ்கடலில் நான் கண்ட காட்சி' என்று சீடர் ஆரம்பிப்பார். கூட்டம் கைதட்டும். முன்வரிசையில் குருவும் தட்டுவார்.

அந்த வருஷம் அந்தமானில் நீல் தீவு. முதல் நாள் குரு கரையேறினார்.

"என்ன பார்த்தே?"

"சொல்லலை."

"கண்டவர் விண்டிலரா?"

"விண்டவர் கண்டிலர்னும் அதுலயே இருக்கே."

சீடர் சிரித்தார். குரு சிரிக்கவில்லை.

"சொல்லிச் சொல்லி, சொல்றதுக்காகவே பார்க்கிற மாதிரி ஆயிடுச்சுங்க. நல்ல மீன் ஒண்ணு வந்தா பக்கத்துல திரும்புறேன், யாருமில்லை. அடுத்த வருஷம் ஊட்டிக்கே போயிடலாம். அங்கேன்னா ரெண்டு பேரும் ஒரே பூவைப் பார்க்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சீடரைச் சுட்டது. ஊட்டியில் இவள் என்ன செய்வாள் என்று அவருக்குத் தெரியும். சால்வையைப் போர்த்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். கடலைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

மறுநாள் காலையில் கேட்டார்.

"அப்படி என்னதாம்மா இருக்கு அதுக்குள்ள?"

குரு குழாயை எடுத்து அவர் வாயில் வைத்தார்.

"கடிங்க."

இடுப்பளவுத் தண்ணீரில் பாடம் தொடங்கியது. லைஃப் ஜாக்கெட் இறுகக் கட்டியிருந்தும் சீடரின் கால் மணலை விடவில்லை. குரு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். முகம் உள்ளே போனது. ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. மஞ்சள் கோடு போட்ட குட்டி மீன் ஒன்று நேரே வந்து நின்று அவரைப் பார்த்தது.

"கயலு, இங்க பாரு..."

குழாய் நழுவியது. பாதிக் கடல் உள்ளே போனது. இருமி, துப்பி, கண் சிவந்து நிமிர்ந்தார்.

அடுத்து ஒரு நீல நட்சத்திர மீன். 'அடேயப்பா' என்றார். உப்பு. அதற்கடுத்து வெறும் 'ஆ' என்று மட்டும் வியந்தார். அதற்கும் உப்புதான்.

"என்னம்மா இது, ஒரு வார்த்தை பேச விடமாட்டேங்குது?"

"வாயைத் திறந்தா உப்பு. மூடினா மீன். எது வேணும்?"

சீடரை இப்படி மடக்கிய நடுவர் இதுவரை கிடையாது. சீடர் குழாயிலிருந்த தண்ணீரை உதறினார். பிறகு மெல்லச் சொன்னார்.

"எனக்குப் பயமா இருக்கு, கயலு."

"தெரியும். பயம் வந்தா கையை அழுத்துங்க."

"நல்லதா எதையாவது பார்த்தா?"

"அப்பவும் அழுத்துங்க."

"ரெண்டுக்கும் ஒண்ணேன்னா உனக்கு எப்படித் தெரியும்?"

"கல்யாணத்தன்னிக்குப் பிடிச்ச கை. எனக்குத் தெரியாதா?"

மறுபடி குனிந்தார்கள். சீடர் அழுத்தினார். விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார், குருவின் விரல் வலிக்கிற அளவுக்கு. குரு கையை விலக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பிடி தளர்ந்தது. கால் எப்போது மணலை விட்டது என்று சீடருக்கே தெரியாது. காதில் தன் மூச்சு மட்டும் கேட்டது.

கடற்புல் வளர்ந்திருந்த இடத்தில் ஓர் ஆமை மேய்ந்துகொண்டிருந்தது. சாவகாசமாகத் தலையைத் தூக்கி, இருவருக்கும் முன்னால் மேலே ஏறி, வெளியே மூக்கை நீட்டி மூச்சு வாங்கிவிட்டு, வந்த வழியே இறங்கிப் போனது.

சீடர் குழாயைப் பல் பதியக் கடித்தார். கையை ஒரே ஒரு தரம் அழுத்தினார். அது பயத்தில் அழுத்தியதல்ல.

கரையில் செருப்பும் பையும் காவல் இல்லாமலே பத்திரமாக இருந்தன. குரு துண்டை எடுத்து நீட்டினார்.

"என்ன பார்த்தீங்க?"

சீடர் தொண்டையைச் செருமினார். மேடையில் அவர் ஆரம்பிப்பது அப்படித்தான். வாய் திறந்தது, தானே மூடிக்கொண்டது. துண்டை வாங்காமல் குருவின் கையைப் பிடித்து அழுத்தினார்.

"ஆமாங்க," என்றார் குரு. "நானும் பார்த்தேன்."